கோலியர்ஸ் வுட்டின் நிரந்தரப் பிரதம விருந்தினர்

தெற்கு லண்டன் தமிழ் விழாக்களில் நீதவான் அளவுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்ட மனிதர் வேறு ஒருவரும் இல்லை என்று எந்தக் கோயிலில் கேட்டாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். புலவர்களுக்கும் பண்டிதர்களுக்கும் கிடைக்காத பொன்னாடைகள் அவருக்குக் கிடைத்தன. இத்தனைக்கும் அவர் நீதவான் இல்லை. தமிழரும் இல்லை. குரோய்டனில் பிறந்து வளர்ந்த அசல் வெள்ளைக்காரர். தொழில், நடிப்பு. அதைவிடப் பெரிய தொழில், நாடகம் எழுதுவது. முதல் தொழில் அவருக்கு அரை வயிறு நிரப்பியது. இரண்டாவது அதையும் செய்யவில்லை.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்கு மேலே குடியிருந்தோம். நாங்கள் என்றால் பெற்றோல் நிலையங்களில் இரவு ஷிப்ட் நிற்கும் மூன்று யாழ்ப்பாணத்துப் பெடியன்கள். எதிர் அறையில் அவர். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. வாரநாட்களில் நான் பெற்றோல் விற்பவன். சனி ஞாயிறுகளில் தமிழ் விழாக்களில் மைக் பிடிக்கும் அறிவிப்பாளன். "அடுத்து உங்கள் முன் தோன்றுவது" என்று நான் ஆரம்பித்தால் நிறுத்த இரண்டு பேர் வரவேண்டும் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

நீதவான் என்ற பெயர் வந்த கதை சுவாரசியமானது. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் நாடகம் போகும். அந்த நேரத்தில் இங்கிலாந்து முழுக்க வேலைக்குப் போயிருக்கும், மிச்சம் இருக்கிற கிழவர்கள் தூங்கியிருப்பார்கள். விழித்திருப்பது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையோடு உட்காரும் தமிழர்கள் மட்டும்தான். அந்தத் தொடரில் இவர் வெள்ளை நிற நீதிமன்றப் பொய்முடியை மாட்டிக்கொண்டு உயரத்தில் இருப்பார். கடைசியில் மேசையில் தட்டி, "கைதியைக் கீழே கொண்டு போங்கள்" என்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் என்ன தட்டு, என்ன குரல். அவரைத் தெருவில் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரருக்கும் அடையாளம் தெரியாது. எங்கள் ஆட்களோ பஸ்ஸில் எழும்பி இடம் கொடுப்பார்கள்.

அதற்கு முந்திய நடிப்பு வாழ்க்கையை அவரே சமையலறையில் நின்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பெரிய நாடக அரங்குகளில் ஈட்டி பிடித்து நின்றிருக்கிறார். ஒரு நாடகத்தில் கதவுக்குப் பின்னால் இருமியிருக்கிறார். துப்பறியும் தொடர்களில் பிணமாகக் கிடந்திருக்கிறார். "பிணமாக நடிப்பதில் என்ன கஷ்டம் தெரியுமா? உன்னை விசாரிக்க வருகிற நடிகன் உன்னைவிட மோசமாக நடிக்கும்போது கண்ணைத் திறக்காமல் இருப்பது" என்பார். அவர் பேசியது எல்லாம் ஆங்கிலம். வாசகர்களுக்காக நான் தமிழில் தருகிறேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா அன்று காலையில்தான் அவருடைய உண்மையான கலை வாழ்க்கை ஆரம்பித்தது. பிரதம விருந்தினராக வரவிருந்த கவுன்சிலர் வரமுடியாது என்று போன் அடித்துவிட்டார். எங்கள் ஆட்களுக்குப் பிரதம விருந்தினர் இல்லாத விழா மாப்பிள்ளை இல்லாத கலியாணம். பள்ளிக்கூடச் செயலாளர் சிவபாலன் அண்ணை தலையில் கை வைத்தபடி எங்கள் சமையலறைக்கு வந்துசேர்ந்தார். வாரநாட்களில் அவர்தான் பெற்றோல் நிலையத்தில் எனக்கு மனேஜர்.

"இந்த நேரத்திலை ஆரைப் பிடிக்கிறது? மண்டபத்திலை குத்துவிளக்கும் வைச்சாச்சு" என்றார். பிறகு எதிர் அறைக் கதவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "உங்கை நீதவான் இருக்கிறார் தானே."

"அண்ணை, அவர் நீதவான் இல்லை. நடிகர்."

"விசர்க்கதை கதையாதை. நடிகனெண்டா அந்த முடியை எப்பிடிக் குடுப்பாங்கள்? இது வெள்ளைக்காரன்ரை நாடு. நீதவான்ரை கோட்டு உடுப்பை வாறவன் போறவனுக்கெல்லாம் மாட்டி விடமாட்டாங்கள்."

"அது நாடகம் அண்ணை."

"அதிலை வாற கள்ளன் நடிகன். ஓம், அதை நான் ஒத்துக்கொள்ளுறன். நீதவான் உண்மையான ஆள். முகத்தைப் பார்த்தாத் தெரியேல்லையோ?"

கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். நீதவான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "இந்தப் பிரதம விருந்தினர் என்ன செய்வார்?" என்று கேட்டார். விளக்கேற்றுவார், பேசுவார், பொன்னாடை வாங்குவார், பரிசு கொடுப்பார், முன்வரிசையில் இருப்பார் என்றேன். "அது செய்கை. அவருக்கு என்ன வேண்டும்? ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஏதோ ஒன்று வேண்டும்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். சவரம் செய்துகொண்டே யோசித்தார். பாதிக் கன்னத்தில் நுரையோடு என்னைப் பிடித்துக் குலுக்கினார்.

"கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் அது யாருக்கும் தெரியக்கூடாது. ஐயோ, எவ்வளவு பெரிய பாத்திரம் இது."

அன்று அவர் நடித்த நடிப்பை நான் என்னவென்று சொல்ல. குத்துவிளக்கின் ஒரு திரியை ஏற்றிவிட்டு, அது பற்றும்வரை ஒரு கணம் நின்றார். மண்டபம் மூச்சுப் பிடித்தது. பாட்டு மறந்து அழுத ஒரு சின்னப்பிள்ளைக்கு எழுந்து நின்று கை தட்டினார். வந்த நடனங்கள் எல்லாவற்றையும் தலை அசைத்து அசைத்துப் பார்த்தார். கைக்கடிகாரத்தை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம், நன்றியுரை முடியும்வரை இருந்தார். பிரதம விருந்தினர் ஒருவர் கடைசிவரை இருந்தது லண்டன் தமிழர் வரலாற்றில் அதுவே முதல் தடவை. பொன்னாடை தோளில் விழுந்ததும் அடுத்த நிகழ்ச்சி இருக்கிறதென்று நழுவுகிறவர்களைத்தான் நாங்கள் அதுவரை கண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு யார் விட்டார்கள்? அரங்கேற்றம், பழைய மாணவர் சங்க இராப்போசனம், கிரிக்கெட் பரிசளிப்பு, புத்தக வெளியீடு, எல்லாவற்றுக்கும் நீதவான்தான். சவுத்தாலில் இருந்துகூடக் கார் அனுப்பி ஏற்றிப்போனார்கள். ஒரு கவிதை நூலின் முதற்பிரதியை வாங்கி, தலைகீழாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் நிறுத்திக் கண் கலங்கினார். அன்று முதல் அந்தக் கவிஞர் அந்தப் பக்கத்தைத்தான் தன் தலைசிறந்த கவிதை என்று எல்லோருக்கும் காட்டினார்.

பொன்னாடைகள் அறையில் மலையாகக் குவிந்தன. நீதவான் அவற்றை யன்னல் திரைகளாகத் தொங்கவிட்டார், கதிரைக்கு உறை போட்டார், குளிர்காலத்தில் ஒன்றைப் போர்த்திக்கொண்டு பால் வாங்கக் கடைக்கு இறங்குவார். சரிகைக் கரையோடு ஒரு வெள்ளைக்காரர் பால் போத்தலுடன் வீதியைக் கடப்பதைப் பார்த்து பஸ் சாரதிகள் பிரேக் பிடிப்பார்கள்.

நீதவான் என்ற பெயரினால் சட்ட ஆலோசனைக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கார் நிறுத்தியதற்கு அபராதம் வந்தால் படியேறி வருவார்கள். நான் நீதவான் இல்லை என்று அவர் தலைதலையாய் அடித்துக்கொள்வார். "பாத்தியளோ, பெரிய பதவியிலை இருக்கிறவை இப்பிடித்தான் சொல்லுவினம்" என்பார்கள் எங்கள் ஆட்கள். கடைசியில் கவுன்சிலுக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுப்பார். அது மேன்முறையீடு மாதிரி இருக்காது. மழை, இருட்டு, காரில் காய்ச்சலோடு பிள்ளை, தூரத்தில் மூடப்போகிற மருந்துக்கடை என்று அங்கம் அங்கமாகப் போகும். ஒரு அண்ணைக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்ததோடு, பிள்ளைக்கு இப்போது எப்படி என்று விசாரித்தும் பதில் வந்தது. அந்த அண்ணைக்குப் பிள்ளையே இல்லை.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில் அவருக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று என்பது சமையலறைக்காரனான எனக்கு மட்டும் தெரியும். தான் எழுதிய நாடகம் ஒன்று, ஒரே ஒரு தடவை, சனங்களுக்கு முன்னால் மேடை ஏறவேண்டும். வாழ்நாள் முழுக்க எழுதியிருந்தார். ஒன்றும் ஏறவில்லை. அவற்றில் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு ரயில் நாடகம். ஒரு கிழவர், ஒரு கதிரை, ஒரு பிளாட்பாரம். எப்போதோ கோபித்துப் பிரிந்த தம்பி வரப்போகிறான் என்று கிழவர் காத்திருக்கிறார். ரயில்கள் வந்துபோகின்றன. தம்பி வருவதே இல்லை. திரை.

வட லண்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் சின்னத் தியேட்டர் நடத்தும் ஓர் அம்மையார் அதை வாசித்துவிட்டு, "காகிதத்தில் எனக்கு இது உயிரோடு தெரியவில்லை. எங்கேயாவது மேடையில் போட்டால் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தார். மேடைக்கு எங்கே போவது? மேடையை வைத்திருந்தவர்கள் நாங்கள்தான். அடுத்த ஆண்டு விழாவுக்குத் தன்னை அழைக்க வந்த சிவபாலன் அண்ணையிடம் நீதவான் அரை மணி நேரம் கேட்டார்.

"அரை மணித்தியாலம் என்ன சேர், ஒரு மணித்தியாலம் எடுங்கோ" என்றார் அண்ணை. அண்ணை எப்போதும் கொடுக்கும்போது தாராளமாகத்தான் கொடுப்பார்.

விழா ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டுக்கு என்று போட்டிருந்தது. ஆகவே ஒன்றரைக்கு ஆரம்பமானது. நாடகம் நாலரைக்கு. அம்மையார் நாலேகாலுக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆறு மணிக்குக் கட்டாயம் கிளம்பவேண்டும், தன் தியேட்டரில் அன்று மாலை நாடகம் இருக்கிறது என்றார். மண்டபமும் ஆறு மணிக்கு மூடப்படும். அந்த மண்டபத்தின் காவலாளி ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். ஆறு அடித்ததும், மேடையில் யார் நின்றாலும், பிரதான விளக்கை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். எங்கள் நடனங்களில் பாதி இருட்டில்தான் முடிந்திருக்கின்றன.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சும்மா இருக்க அவர்களுக்கு மனம் பொறுக்காது. யாரோ பெரிய இடம் என்று முடிவு கட்டினார்கள். ஒரு பொன்னாடை வந்தது. பிறகு, "சிறப்பு விருந்தினர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று எழுதி என் கையில் ஒரு துண்டுக் காகிதம் திணிக்கப்பட்டது. கேடயங்களை அம்மையார் கொடுக்கவேண்டுமாம். அவர் கொடுத்தார், கொடுத்தார், கொடுத்துக்கொண்டே இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்காத பிள்ளை என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பிள்ளையோடும் ஒவ்வொரு தாயும் ஏறி நின்று படம் எடுத்தாள். மணி நாலரை தாண்டி, ஐந்து தாண்டி, ஐந்தரையைப் பிடித்தது.

சிவபாலன் அண்ணை மேடை ஓரத்தில் என் காதுக்குள் சொன்னார். "நாடகத்தை விடு. நீதவானை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லு. பிறகு பொருளாளரின்ரை நன்றியுரை. முடிப்பம்."

"அண்ணை, அந்த மனிசன் இதுக்காகத்தானே இவ்வளவு காலமும் எங்களுக்கு விளக்கேத்தினவர்."

"எனக்குத் தெரியாதோ? நேரம் இல்லையேயப்பா. அடுத்த வருசம் பாப்பம்."

நான் இறங்கி நீதவானிடம் போனேன். அவர் கசங்கிய பழைய மழைக்கோட்டை அணிந்து, நாடகத்துக்குத் தயாராக இருந்தார். சொன்னேன். அவர் முகத்தில் எந்த வேடமும் இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். எழுபது வயது முகம். பக்கத்தில் பொன்னாடையோடு வந்து அமர்ந்த அம்மையாரை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"பிரதம விருந்தினர் பேசும்போது யாராவது இடையில் நிறுத்துவார்களா?"

"எங்கள் ஆட்களுக்கு அந்தத் துணிவு இல்லை."

"எவ்வளவு நேரம் பேசலாம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்து, என் வாழ்நாளிலேயே மிகச் சுருக்கமான அறிவிப்பைச் செய்தேன். "பிரதம விருந்தினர் உரை."

நீதவான் பரிசு மேசைக்குப் பின்னால் இருந்த கதிரை ஒன்றை மேடை நடுவுக்கு இழுத்துப் போட்டார். உட்கார்ந்தார். எங்கள் தலைகளுக்கு மேலே எங்கேயோ தூரத்தில் பார்த்தார். "ரயில் இன்னும் வரவில்லை" என்றார்.

சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கல்லாவில் நின்று ஆங்கிலம் நன்றாகப் பழகிய சிவபாலன் அண்ணையே என்னிடம் கேட்டார். "என்னவாம்?"

"ரயில் வரேல்லையாம்."

"பாவம். சனி ஞாயிறிலை லைனை மூடிப்போடுவாங்கள். முதலே சொல்லியிருந்தா கார் ஒழுங்குபடுத்தியிருக்கலாம்."

ஆனால் கொஞ்ச நேரத்தில் பேச்சுச் சத்தம் குறைந்தது. பின்வரிசையில் கடித்த இறைச்சி ரோல்ஸ் கடித்தபடி நின்றது. அவர் தம்பிக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் எழும்புகிறார்; தம்பி இறங்கவில்லை; மறுபடி உட்கார்ந்து வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். கடைசியில் விஷயம் வெளியே வருகிறது. அம்மா இறந்தபோது மூத்த மகன் போகவில்லை. எல்லாவற்றையும் தம்பி தனியாகச் செய்தான். "நான் அம்மாவின் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை" என்று கிழவர் பிளாட்பாரத்துக்குச் சொல்கிறார். கோபமாக ஒரு தடவை. சாதாரணமாக ஒரு தடவை. பிறகு வாய்க்குள்.

யாருக்கு முன்னால் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்த மண்டபத்தில் தாய் தகப்பனின் செத்தவீட்டுக்குப் போகக் கிடைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டிடத்தில் எங்கள் அகதி விண்ணப்பப் பைல்கள் தூங்கிய, நாட்டை விட்டு அசைய முடியாத வருடங்களில், ஊரில் எங்கள் வீடுகளில் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்தார்கள். செய்தி ஷிப்ட் நடுவில் போனில் வரும். கல்லாவை மூடிவிட்டு அழ முடியாது. அழுதால் வாடிக்கையாளர் மிச்சக்காசு கேட்பார். அதைப்பற்றி எங்களில் ஒருவரும் ஒருவரோடும் கதைத்தது கிடையாது. எங்கள் மேடைகளில் எல்லாம் நடந்திருக்கிறது, அது நடந்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் சிவபாலன் அண்ணையைக் காணவில்லை. மேடைப்படியில் ஏறிக்கொண்டிருந்தார், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு. நான் பிடிக்க ஓடினேன். எட்டவில்லை. நாடகம் போச்சு, அம்மையாருக்கு முன்னால் மானமும் போச்சு என்று நெஞ்சில் கை வைத்தேன். அண்ணை நேராகப் போய் நீதவானுக்குப் பக்கத்தில் நின்றார். அது நாடகம் என்று அவருக்குத் தெரியாது. பிரதம விருந்தினர் பேசும்போது மனம் உடைந்துபோனார் என்றுதான் நினைத்திருந்தார்.

"அழாதேங்கோ சேர்" என்றார். பிறகு, ஒருவருக்கும் இல்லாமல் தரையைப் பார்த்து, "நானும் போகேல்லை" என்றார். "என்ரை அம்மான்ரை செத்தவீட்டுக்கு நானும் போகேல்லை சேர். இந்தாங்கோ, தண்ணியைக் குடியுங்கோ."

நீதவானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எதிரில் நிற்கிறவரின் முகம் தெரியும். அவருடைய நாடகத்தில் தம்பி வருவதே இல்லை. எழுதி முடித்த நாள் முதல் அந்தப் பிளாட்பாரத்துக்கு ஒருவரும் வந்ததில்லை. இப்போது வந்து, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். நீதவான் வாயைத் திறந்தார். வசனம் இல்லை. மெல்லக் கதிரையில் ஒரு ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். அந்தச் சின்னக் கதிரையில் அரை அரையாக இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார். அண்ணை அவர் முதுகைத் தடவினார்.

மணி ஆறு. ஸ்கொட்லாந்துக்காரர் விளக்கை அணைத்தார்.

அந்த இருட்டில் எழுந்த கைதட்டலை நான் இன்னொரு தடவை கேட்கப்போவதில்லை. அம்மையார் தான் பிடிக்கவேண்டிய ரயிலை விட்டுவிட்டார். பொன்னாடையால் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "அவ்வளவு கச்சிதமாக விளக்கை அணைத்த கலைஞர் யார்? தம்பியாக நடித்தவரை எங்கே பிடித்தீர்கள்?" நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தத் தம்பியும் வரவேண்டும் என்றார். நன்றியுரை சொல்லக் கிடைக்காத பொருளாளர் மட்டும் நீதவான், அண்ணை, நான் என்று எங்கள் மூவரோடும் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பப்பின் மேல்மாடியில் இரண்டு கிழமை நாடகம் நடந்தது. கோலியர்ஸ் வுட்டே பட்டுச்சேலையில் படியேறியது. பப்காரர் வடையைப் பார்த்து முதலில் பயந்தார், பிறகு கேட்டு வாங்கினார். பிரச்சினை அண்ணைதான். அது நாடகம் என்று தெரிந்துவிட்டதால் அவருக்கு நடிப்பு வந்துவிட்டது. ஒத்திகைக்குக் கோட்டும் ரையும் கட்டி வந்து, போத்தலை வாள் மாதிரி நீட்டி, "அழாதேங்கோ" என்று கர்ஜித்தார். அம்மையார் முகத்தை மூடிக்கொண்டார்.

நீதவான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் நாள் மேடையில் எழுதியதை விட்டுவிட்டு, அம்மாவைப்பற்றிப் புதிதாக ஒரு கதை சொன்னார். ஓரத்தில் நின்ற அண்ணை தன் பாகத்தை மறந்து மெய்யாகவே ஓடிப்போனார். அடுத்த நாள் இன்னொரு கதை. இரண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் புதிய கதை, ஒவ்வொரு நாளும் அண்ணை ஏமாந்தார். "நாடகம் எண்டு தெரியும்தான், ஆனா இண்டைக்குச் சொன்னது உண்மை போலக் கிடந்தது" என்பார் என்னிடம். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, தண்ணீர் கொண்டுவருபவரின் நடிப்பு மகத்தானது, கிழவரும் பரவாயில்லை என்று எழுதியது. நீதவான் மூன்று நாள் அண்ணையோடு பேசவில்லை. மேடையில் மட்டும் அழுதார்.

கடைசி நாள் முடிந்து மூவரும் ரயிலில் வந்தோம். அண்ணை இவ்வளவு நாளும் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "சேர், உங்கடை தம்பி இப்ப எங்கை?" நான் மொழிபெயர்த்தேன்.

"தம்பி இல்லை. அது நான் கட்டிய கதை. நான் ஒற்றைப் பிள்ளை."

அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. இல்லாத ஆளுக்காக என்னை இவ்வளவு நாளும் அழ வைத்தாரா என்று கேட்டார். அப்போ அம்மாவும் பொய்யோ என்றார்.

"அம்மா உண்மை" என்றார் நீதவான். "அன்றைக்குத் தொலைக்காட்சியில் எனக்கு வேலை. நாள் முழுக்கப் பிணமாகக் கிடந்தேன். அம்மாவை அடக்கம் செய்கிற நேரம் எனக்கு நெற்றியில் இரத்தம் பூசிக்கொண்டிருந்தார்கள்." இதைச் சொல்லிவிட்டு நகைச்சுவை சொன்னவர் போலச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கோலியர்ஸ் வுட்டில் இறங்கும்போது சிவபாலன் அண்ணை, "பாத்து இறங்குங்கோ அண்ணை" என்று கையைப் பிடித்தார். அன்றோடு சேர் போய் அண்ணை வந்தது. அதற்குப் பிறகு சிவபாலன் அண்ணை வீட்டில் பொங்கல், பிறந்தநாள், மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு எதிலும் நீதவான் விருந்தினர் இல்லை. பாயில் உட்கார்ந்து வாழையிலை துடைத்தார்.

அந்தப் பத்தாண்டு முடிகிற காலத்தில் ஒரு மார்ச் மாதம் நீதவான் தூக்கத்திலேயே போய்விட்டார். சடங்கில் சிவபாலன் அண்ணை வேட்டியோடு முன்னுக்கு நின்றார். அதற்கு முதல்நாள் அவர் எங்கள் சமையலறைக்கு வந்து, தமிழ் வானொலிக்கு மரண அறிவித்தல் எழுதவேண்டும், எழுது என்றார். எங்கள் அறிவித்தல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், இறந்தவர் யாருக்கு மகன், யாருக்கு மாமன், யாருக்கு மைத்துனர் என்று ஊரே அதற்குள் வந்துவிடும். நான் எழுதினேன். "குரோய்டனைப் பிறப்பிடமாகவும் கோலியர்ஸ் வுட்டை வதிவிடமாகவும் கொண்ட, நீதவான் என அன்போடு அழைக்கப்பட்ட..." அதோடு பேனா நின்றது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, உடன்பிறப்பு இல்லை.

"என்ன யோசிக்கிறாய்?" என்றார் அண்ணை. "அன்னார் சிவபாலனின் பாசமிகு தமையனும் ஆவார் எண்டு எழுது."

எழுதினேன். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணை, என்ரை பேரையும் போடலாமோ?"

"போடலாம். என்ன முறை எண்டு போடுறது?"

எதிர் அறைக்காரன் என்று ஒரு முறை எங்கள் அறிவித்தல்களில் இல்லை.

"நானும் தம்பிதான் அண்ணை" என்றேன்.